குறைவாக வீசியவருக்குப் போன சிறந்த பிட்சர் விருது: 2021 எஸ்.இ.சி. தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே மாதக் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (எஸ்.இ.சி.) அந்த ஆண்டின் சிறந்த பிட்சரை (பந்து வீசுபவரை) அறிவித்தது. நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட இரண்டு பிட்சர்கள் அப்போது அந்தக் கான்ஃபரன்ஸில்தான், அதுவும் வாண்டர்பில்ட் என்ற ஒரே அணியில் இருந்தார்கள். விருது அவர்கள் இருவருக்கும் போகவில்லை. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்தின் நடுவில் உள்ளே வந்து வீசும் ஒரு ரிலீவருக்குப் போனது.

அந்த முடிவு எப்படி உருவானது, அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றிச் செய்யலாம் என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. எல்லாம் பொதுவெளியில் உள்ள தகவல்தான், தேடினால் பெயர் கிடைத்துவிடும். நமக்கு இங்கே வேண்டியது, யார் எந்தச் சூழலில் எதைத் தீர்மானித்தார்கள் என்பதுதான்.

பின்னணி: விருதும் வாக்களிப்பும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கான்ஃபரன்ஸ் என்பார்கள். 2021இல் எஸ்.இ.சி.யில் 14 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணிக்கும் கான்ஃபரன்ஸுக்குள் 30 ஆட்டங்கள். பத்து வாரக் கடைசிகள், ஒவ்வொன்றிலும் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டங்கள். அணியின் முதல் தர ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்) வெள்ளிக்கிழமை இரவு வீசுவார், அடுத்தவர் சனிக்கிழமை, மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டார்ட்டர் ஒருமுறை வீசினால் அடுத்த வாரம் வரை அவருக்கு ஓய்வு. ரிலீவருக்கு அப்படி நாள் குறிக்கப்படுவதில்லை. ஆட்டம் எப்போது கையைவிட்டு நழுவுகிறதோ, அப்போது கூப்பிடுவார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்று ஒரு பந்துவீச்சாளரை வைத்திருப்பதைப் போன்ற வேலை. இங்கே அவர் ஒரே வாரக் கடைசியில் இரண்டு முறையும் வரலாம்.

விருதுக்கு வாக்களிப்பவர்கள் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள். தன் அணி ஆட்டக்காரருக்கு ஒரு பயிற்சியாளர் வாக்களிக்கக் கூடாது. ஆக, அந்த ஆண்டு ஒருவருக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 13 வாக்குகள். வழக்கமான சீசன் முடிந்து, அலபாமா மாநிலம் ஹூவரில் நடக்கும் கான்ஃபரன்ஸ் போட்டித்தொடர் தொடங்குவதற்கு முன்பே வாக்களிப்பு முடிந்துவிடும். இந்தக் கடைசி விவரம் இந்த நிகழ்வில் முக்கியமானது.

பொதுவாக இந்த விருது ஸ்டார்ட்டர்களுக்கே போகும். 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் எல்.எஸ்.யு.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஒரே ஸ்டார்ட்டர் வாங்கினார். 2018இல் ஃப்ளோரிடாவின் ஸ்டார்ட்டர், 2019இல் மிஸிஸிப்பி ஸ்டேட்டின் ஸ்டார்ட்டர். காரணம் எளிது. ஸ்டார்ட்டர் அதிக இன்னிங்ஸ் (இங்கே ஆட்டத்துக்கு ஒன்பது, ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட்) வீசுகிறார், அதிக பேட்டர்களை வெளியேற்றுகிறார், எண்களெல்லாம் பெரிதாக வந்து நிற்கும். ரிலீவரின் எண்கள் துண்டு துண்டாகச் சேர்பவை.

2020: நின்றுபோன சீசன்

2021இன் கதை உண்மையில் 2020 மார்ச்சில் தொடங்குகிறது. கோவிட் காரணமாக மார்ச் 12ஆம் தேதி கல்லூரி விளையாட்டுகள் நிறுத்தப்பட்டன. எஸ்.இ.சி.யின் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் அதற்கு மறுநாள் தொடங்க வேண்டியவை. ஒன்றுகூட நடக்கவில்லை. அந்த ஆண்டு விருதும் இல்லை.

அதையடுத்து இரண்டு முடிவுகள் வந்தன. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., வசந்தகால விளையாட்டுக்காரர்கள் அனைவருக்கும் கூடுதலாக ஒரு ஆண்டு ஆடும் உரிமை கொடுத்தது. தொழில்முறை லீகான எம்.எல்.பி. தன் வருடாந்திர ஆள்தேர்வை வெறும் ஐந்து சுற்றுகளாகச் சுருக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வரை அது 40 சுற்று. பிந்தைய சுற்றுகளில் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கானவர்கள் கல்லூரியிலேயே தங்கினார்கள்.

ஆர்கன்சாஸின் ரிலீவர் அப்படித் தங்கியவர்களில் ஒருவர். முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சையால் ஏற்கெனவே 2018 சீசன் முழுவதையும் இழந்தவர். 2020இல் நடந்த சில வாரங்களிலும் அவருடைய எண்கள் நன்றாக இல்லை. யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூடுதல் ஆண்டு கிடைத்திருக்காவிட்டால் அவருடைய கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கக்கூடும். ஆறாம் ஆண்டு மாணவராக, 24 வயதில், 2021 சீசனுக்குத் திரும்பினார்.

வாண்டர்பில்ட்டின் இரண்டு ஸ்டார்ட்டர்களின் நிலைமை நேர் எதிரானது. ஒருவர் 2019 ஜூனில், முதலாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே, டியூக் அணிக்கு எதிரான சூப்பர் ரீஜனல் (தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்று) ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்து ஓடிச் சேர்வது) கொடுக்காமல் 19 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்தவர். இன்னொருவருக்கு 2020தான் கல்லூரியில் முதல் சீசன், கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் அந்த ஆண்டு போய்விட்டது. 2021 தொடங்கும் முன்பே விருது இவர்களில் ஒருவருக்கு என்பதுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பு.

சீசனில் கண்டவை

எதிர்பார்ப்பு வீண் போகவில்லை. மார்ச் 20ஆம் தேதி, தன் முதல் எஸ்.இ.சி. ஆட்டத்தில், வாண்டர்பில்ட்டின் இளையவர் சவுத் கரோலினாவுக்கு எதிராக நோ-ஹிட்டர் (முழு ஆட்டத்திலும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காதது) வீசினார். முதல் பேட்டருக்கு ஒரு வாக் (தவறான பந்துகளால் பேட்டரை அடிக்காமலே முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்தார். அப்புறம் தொடர்ந்து 27 பேர் அவுட். 16 ஸ்ட்ரைக்அவுட். இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்தபின் விருதைப் பற்றி வேறு பேச்சு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான்.

ஆர்கன்சாஸில் நடந்தது கண்ணில் படாத வேலை. அந்த அணி நன்றாக அடித்தது, ஆனால் வாராவாரம் ஏழு இன்னிங்ஸ் நின்று வீசும் ஸ்டார்ட்டர் வரிசை அதற்கு அமையவில்லை. ஸ்டார்ட்டர் நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸில் தடுமாறினால் பாக்கி ஆட்டத்தை யாராவது தாங்க வேண்டும். அங்கேதான் பயிற்சியாளர்கள் முதல் முக்கியமான முடிவை எடுத்தார்கள். தங்கள் சிறந்த ரிலீவரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைக்காமல், ஆட்டம் எங்கே திரும்புகிறதோ அங்கே இறக்கினார்கள். சில நாள் முன்னிலையைக் காப்பாற்ற, சில நாள் சமநிலையில், சில நாள் பின்தங்கியிருக்கும்போதும்.

அவருடைய ஆயுதம் ஒரே ஒரு பந்து என்றே சொல்லலாம். கட்டருக்கும் ஸ்லைடருக்கும் இடைப்பட்ட ஒன்று. நேராக வருவதுபோல் வந்து கடைசியில் விலகிக் கீழே போகும். அதி வேகம் கிடையாது. எதிரணி பேட்டர்களுக்கு அது வரப்போகிறது என்று தெரியும், தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

சீசன் முழுவதும் முடிந்தபின் கணக்கு இப்படி நின்றது. ரிலீவர்: 33 ஆட்டங்கள், 12 வெற்றி, 1 தோல்வி, 11 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்ததற்கான பதிவு), 89⅔ இன்னிங்ஸ், 131 ஸ்ட்ரைக்அவுட், 18 வாக், ஈ.ஆர்.ஏ. 0.90. வாண்டர்பில்ட்டின் மூத்தவர்: 14 வெற்றி, 4 தோல்வி, 122 இன்னிங்ஸ், 179 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 2.73. இளையவர்: 11 வெற்றி, 4 தோல்வி, 110 இன்னிங்ஸ், அதே 179 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 2.13. அந்த 179தான் அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகம், இருவரும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர்கள் வாக்களித்தது இந்தக் கணக்கு முடிவதற்கு முன். ரிலீவரின் அந்த ஒரு தோல்வியும் அப்போது வந்திருக்கவில்லை.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் பொறுப்பில் சராசரியாக எத்தனை ரன் விட்டார் என்ற கணக்கு. 0.90ஐத் திருப்பிப் போட்டால், ஏறக்குறைய 90 இன்னிங்ஸில் மொத்தமே ஒன்பது ரன். வாண்டர்பில்ட்டின் இளையவருக்கு 26, மூத்தவருக்கு 37. அவர்கள் கூடுதல் இன்னிங்ஸ் வீசினார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது.

கணக்கில் ஏறாதவை

ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.வை அப்படியே நம்பக் கூடாது என்று நியாயமான ஒரு வாதம் உண்டு. ஸ்டார்ட்டர் எதிரணியின் இரண்டு பேரை பேஸில் (ரன் எடுக்க ஓடும் பாதையின் நிறுத்தங்களில்) விட்டுவிட்டு வெளியேறுகிறார், ரிலீவர் உள்ளே வந்து ஒரு ஹிட் கொடுக்கிறார், அந்த இரண்டு பேரும் ரன் எடுத்துவிடுகிறார்கள். அந்த ரன்கள் யார் கணக்கில் ஏறும்? வெளியேறிய ஸ்டார்ட்டரின் கணக்கில். ரிலீவரின் ஏடு சுத்தமாகவே இருக்கும். வெறும் ஈ.ஆர்.ஏ.வை வைத்து ரிலீவரை உயர்த்திப் பேசுவது பாதி உண்மைதான்.

அதே விதி மறுபக்கமும் வேலை செய்கிறது. பேஸில் மூன்று பேர் நிற்கும்போது உள்ளே வந்து, ஒருவரையும் ரன் எடுக்க விடாமல் மூன்று அவுட் எடுத்தால், அந்த நற்பெயரும் ஸ்டார்ட்டரின் ஈ.ஆர்.ஏ.வில்தான் சேருகிறது. ரிலீவரின் ஏட்டில் அது சாதாரணமான ஒரு இன்னிங்ஸாகத்தான் பதிவாகும். ஆட்டத்தையே காப்பாற்றியது அதுதான் என்பது எந்தப் பத்தியிலும் தெரியாது.

எனக்கு இந்த ஏட்டில் முக்கியமாகத் தெரிவது வெற்றிக் கணக்கு. முன்னிலையைக் காப்பதே ஒரு ரிலீவரின் வேலை என்றால் அவருக்குச் சேவ்கள் குவியும், வெற்றிகள் ஒன்றிரண்டுதான் வரும். அவர் வீசிக்கொண்டிருக்கும்போது அணி முன்னிலை பெற்றால்தான் பெரும்பாலும் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். 12 வெற்றி என்றால், ஆட்டம் யார் பக்கம் என்று தெரியாத நேரங்களில் அவர் திரும்பத் திரும்ப இறக்கப்பட்டிருக்கிறார் என்று பொருள். ஆர்கன்சாஸ் அந்த ஆண்டு 50 ஆட்டங்கள் வென்றது, 13 தோற்றது. அந்த 50இல் 12 வெற்றி, 11 சேவ் என்று 23 ஆட்டங்களில் அவருடைய பெயர் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி. எந்த ஸ்டார்ட்டருக்கும் இது முடியாது, ஏனென்றால் ஸ்டார்ட்டர் வாரம் ஒருமுறைதான் மைதானத்துக்குள் வருகிறார்.

இன்னொன்று. குறைவாக வீசினார் என்று சொன்னாலும், ரிலீவர்களின் அளவில் பார்த்தால் அவர் மிக மிக அதிகமாக வீசியவர். ஈ.ஆர்.ஏ. தரவரிசையில் இடம்பெற, அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இன்னிங்ஸ் வீதமாவது வீசியிருக்க வேண்டும். அணி ஆடியது 63 ஆட்டங்கள், அவர் வீசியது 89⅔ இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர்களுக்கான வரம்பைத் தாராளமாகத் தாண்டியவர். ஒருமுறை இறங்கினால் சராசரியாக இரண்டரை இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்.

முடிவு: மே மாத வாக்கு

ஆர்கன்சாஸ் கான்ஃபரன்ஸில் 22 வெற்றி, 8 தோல்வியோடு முதலிடத்தில் முடித்தது. ஆடிய பத்துத் தொடர்களையும் வென்றது. பயிற்சியாளர்கள் வாக்களித்தார்கள், விருது ரிலீவருக்குப் போனது.

வாக்கு முறையை வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் புரிகின்றன. முதலாவது, யார் யாரை எதிர்கொண்டார்கள் என்பது. அப்போதிருந்த 13 எதிரணிகளில் ஒரு அணி பத்தோடுதான் ஆடியது. எதிரணிப் பயிற்சியாளர் ஒரு ஸ்டார்ட்டரைத் தொடருக்கு ஒருமுறை பார்க்கிறார். வெள்ளியன்று அவரிடம் தோற்றாலும் சனி, ஞாயிறு மிச்சம் இருக்கிறது. ஆர்கன்சாஸோடு ஆடியவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. மூன்று நாளும் ஆறாவது இன்னிங்ஸ் வந்ததும், அவர் தயாராகிறாரா என்று எதிரணி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஆள் மூன்று ஆட்டத்தையும் பாதித்தார். அதை நேரில் அனுபவித்தவர்கள் கையில்தான் வாக்கு இருந்தது.

இரண்டாவது, ஒரே அணியில் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தது. வாண்டர்பில்ட் பயிற்சியாளர் இருவருக்குமே வாக்களிக்க முடியாது. மற்றவர்கள் வாண்டர்பில்ட் பக்கம் சாய்ந்தாலும் இருவரில் ஒருவரைத்தான் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் போட்டி இன்னும் நெருக்கமாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, இந்த விருது கேட்கும் கேள்வி. அது வருங்காலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. தொழில்முறை அணிகள் கேட்பது வேறு கேள்வி, இந்தக் கை அடுத்த பத்து ஆண்டு என்ன செய்யும் என்று. அந்தக் கேள்விக்கு வாண்டர்பில்ட்டின் இருவரும்தான் விடை, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சியாளர்கள் இரண்டு கேள்வியையும் குழப்பிக்கொள்ளவில்லை. அவர்கள் செய்தது சரி என்பதே என் முடிவு.

ஜூன்: வாக்கு முடிந்தபின்

மே கடைசியில் ஹூவரில் நடந்த போட்டித்தொடரின் இறுதி ஆட்டத்தில் ஆர்கன்சாஸ் டென்னசியை 7-2 என்று வென்றது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அது முதல் எஸ்.இ.சி. போட்டித்தொடர் பட்டம். தேசியப் போட்டிக்கு முதலிட அணியாக, சொந்த ஊரான ஃபயட்வில்லில் ஆடும் உரிமையோடு போனார்கள்.

அங்கே முதல் சுற்றிலேயே சிக்கல். நெப்ராஸ்காவிடம் ஒரு ஆட்டம் தோற்றதால், ஜூன் 7 திங்கட்கிழமை வென்றால்தான் அடுத்த சுற்று என்ற நிலை. ரிலீவர் மிக முன்னதாகவே இறக்கப்பட்டு ஏழு இன்னிங்ஸ் வீசினார். ஒரு ஸ்டார்ட்டரின் முழு வேலை அது. எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-2. அப்போது மாற்றாக வந்த ஒரு பேட்டர் மூன்று ரன் ஹோம்ரன் அடித்தார், ஆட்டம் 6-2 என்று முடிந்தது.

அடுத்தது என்.சி. ஸ்டேட்டுக்கு எதிரான சூப்பர் ரீஜனல். மூன்றில் இரண்டு வென்றால் ஒமாஹாவில் நடக்கும் தேசியப் போட்டியின் கடைசிக் கட்டத்துக்குத் தகுதி. முதல் ஆட்டம் ஆர்கன்சாஸுக்கு 21-2. இரண்டாவது என்.சி. ஸ்டேட்டுக்கு 6-5. மூன்றாவது ஆட்டத்துக்கு ஆர்கன்சாஸ் பயிற்சியாளர்கள் தங்கள் ரிலீவரையே ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். அந்த சீசனில் அவர் தொடக்கத்திலிருந்து வீசிய ஒரே ஆட்டம் அதுதான்.

தோற்றால் சீசன் முடிந்தது. வேறு யாரைத் தொடக்கத்தில் வைத்தாலும் மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸில் எப்படியும் இவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும், அதற்குள் ரன்கள் போயிருக்கலாம். ஆகவே முதல் பந்தே அவர் கையில். அன்று இருந்த நிலைமையில் இந்தத் தர்க்கத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை.

எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது ஆட்டம் 2-2. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் அவரே வந்தார். முதல் பேட்டர் ஹோம்ரன் அடித்தார். அத்தோடு அவரை வெளியே எடுத்தார்கள். 118 பந்துகள். ஆர்கன்சாஸ் 3-2 என்று தோற்றது. அந்த ஆண்டு அவருடைய பெயரில் எழுதப்பட்ட ஒரே தோல்வி அது. அவர் மைதானத்தைவிட்டு வெளியேறும்போது சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை இறங்கினால் இரண்டரை இன்னிங்ஸ் வீசிப் பழகிய ஒருவர், ஏற்கெனவே முழங்கை அறுவைச் சிகிச்சை ஆனவர், ஆறு நாள் இடைவெளியில் ஏழு இன்னிங்ஸும் எட்டு இன்னிங்ஸும் வீசியிருக்கிறார். அவர் மனமொப்பித்தான் வீசினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 24 வயதில், கடைசி வாய்ப்பில், அணி ஒமாஹாவுக்கு ஒரு ஆட்டத் தொலைவில் நிற்கும்போது பந்தை வேண்டாம் என்று எவர் சொல்வார்? அதனால்தான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது.

அதன்பின்

ஆர்கன்சாஸை வென்ற என்.சி. ஸ்டேட் ஒமாஹாவில் அரையிறுதி வரை போனது. ஜூன் 26 அதிகாலை, கோவிட் விதிகளின்படி அந்த அணி போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. அன்று அவர்களோடு ஆட வேண்டியிருந்தது வாண்டர்பில்ட். கடைசி ஆட்டம் நடக்காமலே வாண்டர்பில்ட் இறுதிக்குள் நுழைந்தது. இறுதியின் முதல் ஆட்டத்தை அதன் இளைய ஸ்டார்ட்டர் தொடங்கினார், அணி 8-2 என்று வென்றது. இரண்டாவது மிஸிஸிப்பி ஸ்டேட்டுக்கு. மூன்றாவதில் மூத்த ஸ்டார்ட்டர் இறங்கினார், மிஸிஸிப்பி ஸ்டேட் 9-0 என்று வென்று தன் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தது. விருதுப் பேச்சில் அடிபட்ட மூன்று பேருமே அந்த ஜூனில் தங்கள் அணியின் மிகப் பெரிய ஆட்டங்களைத் தோளில் சுமந்தார்கள். பட்டம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

தேசிய அளவில் கல்லூரி பேஸ்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் கோல்டன் ஸ்பைக்ஸ் விருதும் அந்த ஆண்டு ஆர்கன்சாஸ் ரிலீவருக்கே போனது. ஜூன் தோல்விக்குப் பிறகும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதத்தில் பயிற்சியாளர்கள் போட்ட வாக்கு அவசர முடிவு இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஜூலையில் தொழில்முறை ஆள்தேர்வு வந்தது. வாண்டர்பில்ட்டின் இளையவர் இரண்டாவது ஆளாகவும் மூத்தவர் பத்தாவது ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள். மூத்தவரின் ஒப்பந்தம் அந்த ஆண்டு கையெழுத்தாகவில்லை, 2022இல் மூன்றாவது ஆளாக மறுபடி எடுக்கப்பட்டார். ரிலீவர் மூன்றாம் சுற்றில், 99ஆவது ஆளாகப் போனார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற பட்டத்தோடு 99ஆவது இடம். சிலருக்கு இது முரணாகத் தெரிந்தது. அவருடைய வயதையும் பந்தின் வேகத்தையும் வைத்துத் தொழில்முறை அணிகள் போட்ட மதிப்பு அது. பயிற்சியாளர்களின் கேள்வி வேறு என்று மேலே சொன்னது இதைத்தான்.

அதற்கடுத்த ஆண்டுகளில் எஸ்.இ.சி. விருது பழைய தடத்துக்குத் திரும்பியது. 2022இல் டென்னசி ஸ்டார்ட்டர். 2023இல் எல்.எஸ்.யு. ஸ்டார்ட்டர், அந்த சீசனில் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, 1989இலிருந்து நின்ற 202 என்ற கான்ஃபரன்ஸ் சாதனையை முறியடித்தவர். 2024இல் மறுபடி ஆர்கன்சாஸ், இம்முறை அதன் ஸ்டார்ட்டர். 2021 ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கவில்லை. அப்படி ஒரு ரிலீவர் வந்தால் கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் பதிவானது.

எதை மாற்றலாம், எதை விடலாம்

வாக்களிக்கும் தேதியை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தேசியப் போட்டியும் முடிந்தபின் வாக்களித்தால் முழுப் படம் தெரியும் என்பது அவர்கள் வாதம். நான் மாற்ற மாட்டேன். கான்ஃபரன்ஸ் விருது 14 அணிகளும் சமமாக ஆடிய அந்த 30 ஆட்டங்களின் மீது நிற்க வேண்டும். ஜூனில் சில அணிகள் மட்டுமே ஆடுகின்றன. ஒன்பதாவது இன்னிங்ஸின் ஒரு ஹோம்ரன், பிப்ரவரியிலிருந்து மே வரை வீசிய எல்லாவற்றையும் மறைத்துவிடக்கூடிய மாதம் அது.

ரிலீவர்களுக்குத் தனி விருது வைத்துவிடலாம் என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. தேசிய அளவில் ஸ்டாப்பர் ஆஃப் தி இயர் என்று அப்படி ஒன்று ஏற்கெனவே உண்டு, இருக்கட்டும். கான்ஃபரன்ஸுக்குள் தனியாகப் பிரித்தால், இவரைப் போன்றவர் வரும் ஆண்டில் வாக்காளர்கள் வசதியாக அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய விருதுக்கு ஸ்டார்ட்டர் மட்டும் மிஞ்சுவார்.

மாற்ற வேண்டியது வாக்காளர் கைக்கு வரும் தாள். வெற்றி, தோல்வி, ஈ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக்அவுட் என்ற வழக்கமான பத்திகளோடு, உள்ளே வரும்போது பேஸில் எத்தனை பேர் நின்றார்கள், அவர்களில் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் இது எழுதப்படுகிறது, புதிதாக எண்ண வேண்டியதில்லை. எந்த ஸ்கோரில், எந்த இன்னிங்ஸில் இறக்கப்பட்டார் என்பதும் சேர்ந்தால் நல்லது. பத்து அணிகளோடு மட்டுமே ஆடும் முறையில், ஒரு பிட்சரை நேரில் பார்க்காத பயிற்சியாளர்களும் வாக்களிக்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான்.

கடைசியாக, கை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பும் அதற்கேற்ற ஓய்வு நாட்களும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கல்லூரிக்கு வந்தால் என்.சி.ஏ.ஏ.விடம் அப்படி ஒரு வரம்பு இல்லை. 17 வயதில் ஒருவருடைய கையைப் பாதுகாக்கும் விதி, 18 வயதில் அவர் கல்லூரி மைதானத்தில் காலை வைத்ததும் காணாமல் போகிறது. எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்றாலும், குறைந்தபட்ச ஓய்வு நாட்களை விதியாக்கலாம். ஜூன் மாதத்துக்குத்தான் அது மிகவும் தேவை. அதுவும் உடனே நடக்காது என்றால், ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தன் பிட்சர்கள் ஒவ்வொரு முறையும் எத்தனை பந்து வீசினார்கள், அதற்குமுன் எத்தனை நாள் ஓய்வெடுத்தார்கள் என்று வாராவாரம் வெளியிடத் தொடங்கலாம். சிறந்த பிட்சர் அறிவிக்கப்படும் நாளன்று, அவருடைய ஈ.ஆர்.ஏ.வுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு எண்களையும் அச்சிடலாம்.